டிரைவரின் இன்னொரு வீடு

"இடது பக்கம் திரும்பவும்" என்று டாஷ்போர்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல் சொன்னது. கொழுந்தன் வலது பக்கம் திரும்பினான். குரலுக்குக் கோபம் வரவில்லை. சற்று யோசித்துவிட்டு, அடுத்த சந்தில் புகுந்து திரும்பி வரும்படி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"எவ்வளவு பொறுமை பாருங்க அண்ணி. இந்தக் குரலுக்கு ஒரு தங்கச்சி இருந்தா சொல்லுங்க, நாளைக்கே கட்டிக்கறேன்."

பக்கத்து சீட்டில் இருந்த அண்ணி சிரிக்கவில்லை. அண்ணி சிரிக்க வேண்டும் என்றால் வழக்கு முடிந்திருக்க வேண்டும், அல்லது கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் ஊர் திரும்பியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வழக்குகளைத் துருவிப் பார்க்கும் வேலையில் வெகுகாலம் இருந்தவள் அவள். அடுத்தவர் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தாள். இனிப்பு திகட்டிப் போனவர் மிட்டாய்க்கடை வைத்த கதை இது என்று கொழுந்தன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நிலையத்தில் அவன்தான் காரோட்டி, காவலாளி, தேநீர் வாங்கி வருபவன். எப்போதாவது தப்பித்தவறி மூளையும் அவனுடையதாக இருந்ததுண்டு.

அவர்கள் போய்க்கொண்டிருந்த பழைய கார் அவர்களுடையது அல்ல. அதன் சொந்தக்காரர் போன மாதம் இதே டிரைவர் சீட்டில், ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்ந்தபடி இறந்துபோயிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் கொழுந்தனுக்கு முதுகு கூசியது. பயம் வந்தால் அவனுக்கு வாய் அதிகமாகும். காலையிலிருந்து மூடவே இல்லை.

இறந்தவர் பஸ் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை இந்த நகரத்துத் தெருக்களில்தான் வண்டி ஓட்டினார். எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தத் திருப்பத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வுக்குப் பிறகு இந்தக் காரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, காய்கறி வாங்கவும் பழைய நண்பர்களைப் பார்க்கவும் போய் வந்தார். கடைசி சில மாதங்களாக அவர் வீடு திரும்ப நேரமாகிக்கொண்டே போனது. கேட்டால் நாளுக்கொரு கதை சொன்னார். அப்புறம் ஒருநாள் நகரத்தின் மறுகோடியில், மனைவி கேள்விப்பட்டே இராத ஒரு தெருவில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்ற இந்தக் காருக்குள் அவர் உடல் கிடைத்தது. மாரடைப்பு, வேறு சந்தேகம் ஒன்றும் இல்லை என்று போலீஸ் கையைக் கழுவிவிட்டது.

சந்தேகம் மனைவிக்கு வந்தது. போலீஸிடமிருந்து காரை மீட்டது வெளியூரில் வேலை பார்க்கும் மகன். அந்தப் பக்கத்து வழி பிடிபடாமல், வழிகாட்டும் பெட்டியில் வீட்டுப் படம் போட்டிருந்த பொத்தானை அவன் அழுத்தியிருக்கிறான். பெட்டி அம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு போய், டிரைவர் செத்துக் கிடந்த அதே வாசலில் நிறுத்தியது. வீடு வந்துவிட்டது என்று வேறு சொல்லியிருக்கிறது.

இன்று காலை அந்த அம்மா துப்பறியும் நிலையத்துக்கு வந்து, காரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்தக் கதவைத் தட்டும் தைரியம் தனக்கு இல்லை என்றார். அவர் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு மனசு பொறுக்காமல் கணவரிடம் நேராகவே கேட்டுவிட்டாராம், வேறு யாராவது இருக்கிறார்களா என்று. அவர் மனைவியின் முகத்தையே வெகுநேரம் பார்த்திருக்கிறார். பிறகு, ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். அதற்கப்புறம் இருவருக்கும் அதிகம் பேச்சு இல்லை.

"அவர் போய்ட்டாரு, எனக்கு அழுகையே வரல" என்றார். "அழறதா, திட்டறதான்னு தெரியாம உக்காந்திருக்கேன். அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

கிளம்பும்போது கைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துக் காட்டினார். சாகும்போது டிரைவர் கையில் இறுகப் பிடித்திருந்தது அது. அவர்களுடைய வீட்டு வாசல் சாவிதான். நுனி மட்டும் வளைந்திருந்தது. எவள் வீட்டு வாசலிலோ சாகும்போது எங்கள் வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு எதற்கு இந்த நாடகம் என்று கசந்துபோய்ச் சொன்னார். அண்ணி அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"வாக்குமூலமே இருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன், ஓட்டிக்கொண்டே. "ஆளே ஒத்துக்கிட்ட வழக்குல நமக்கு என்ன வேலை? நேரா அந்தச் சின்ன வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

"போகலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு புரியணும். டாஷ்போர்டு அறைக்குள்ள பெட்டி மாட்டின கடை ரசீது கிடந்துச்சு. ஆயுசு முழுக்க இந்த ஊர்ல பஸ் ஓட்டின மனுஷன், வழி சொல்ற பெட்டி எதுக்கு வாங்கி மாட்டினாரு?"

மீன் போய் நீச்சல் வகுப்பில் சேர்ந்த மாதிரிதான் என்று கொழுந்தன் ஒப்புக்கொண்டான்.

பெட்டியை மாட்டிக் கொடுத்த கார் எலக்ட்ரீஷியனின் கடை ஒரு மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே இருந்தது. எந்தப் பழுதோடு யார் போனாலும் முதலில் "ஃபியூஸ் போயிருக்கும்" என்பார், அதனால் அவருக்கே ஃபியூஸ் என்று பெயர் வந்துவிட்டது. காரைப் பார்த்ததும் பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி மலர்ந்தார். டிரைவர் இறந்த சேதி தெரிந்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே பேசினார். பெட்டி புதிதில்லை. இதே கம்பெனியின் பிந்தைய வருடத்துக் கார் ஒன்று பின்பக்கம் நசுங்கி உடைசல் யார்டுக்கு வந்தபோது அதிலிருந்து கழற்றியது. கம்பெனியே பொருத்தும் பெட்டி என்பதால் பழைய ரேடியோ இருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்தப் பழைய காரில் அதற்கான ஒயர் எதுவுமே கிடையாது. சிக்னல் வாங்கும் ஆன்டெனாவை டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, ஸ்பீடோமீட்டரின் முதுகிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தார். அந்த ஒயர் இல்லையென்றால் கார் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் திரையில் உள்ள அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இதையெல்லாம் சொல்லும்போது துக்கத்தையும் மீறி அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"அதுகூடப் பரவாயில்லைங்க. பல்புக்குத்தான் என்னைப் பாடாப் படுத்திட்டார்" என்றார். "இந்தப் பெட்டியில பட்டன் வெளிச்சமெல்லாம் வெள்ளை. அவர் கார்ல எல்லாம் பச்சை. ஒவ்வொரு பல்பாப் பிரிச்சுப் பச்சையா மாத்தச் சொன்னார். பார்க்கறவங்க, இது கார் வாங்கினப்பவே கூட வந்ததுன்னு நினைக்கணுமாம்."

கைபேசியிலேயே வழி பார்த்துக்கொள்ளலாமே, அவரிடம் சொல்லவில்லையா என்று அண்ணி கேட்டாள். சொன்னாராம். அதில் ஆயிரம் சமாச்சாரம் இருக்கிறது, எனக்கு அழுத்த ஒரே ஒரு பொத்தான் போதும் என்று டிரைவர் முடித்துவிட்டாராம்.

கொழுந்தன் அண்ணியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். புதுப்பொருள் வாங்கினவன் ஊருக்கெல்லாம் காட்டுவான், இந்த மனிதர் புதிது என்றே தெரியக்கூடாது என்று மெனக்கெட்டிருக்கிறார், இது திருட்டுத்தனம் அல்லாமல் வேறு என்ன என்று கேட்டான். மறைச்சிருக்கார், அது வரைக்கும் சரி என்றாள் அண்ணி. திரும்பி வந்து ஃபியூஸிடம் வீட்டுப் பொத்தானைப் பற்றிக் கேட்டாள். அது எந்த வீட்டைக் காட்டும்?

"பழைய சொந்தக்காரர் வீட்டைத்தான்" என்றார் ஃபியூஸ், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "உள்ள இருக்கறதை அழிச்சா பெட்டி பூட்டிக்கும். அப்புறம் கம்பெனிக்காரன் வந்தாத்தான் திறக்கும். அதனால நாங்க யாரும் அதுல கை வைக்கறதில்ல."

"நீங்களாவது டிரைவர் வீட்டை மாத்திப் போட்டுக் கொடுத்திருக்கலாமே."

"இங்க நின்னு அழுத்தினா என் கடைதாங்க அவர் வீடாயிடும். கார் எங்க நிக்குதோ அதைத்தான் அது வீடுன்னு எடுத்துக்கும். உங்க வாசல்ல நிறுத்தி, இந்தப் பட்டனை அஞ்சாறு நொடி அழுத்திப் பிடிங்கன்னு சொல்லித்தான் எல்லாரையும் அனுப்புவேன். எல்லாரும் அன்னிக்கே பண்ணிடுவாங்க."

கொழுந்தனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு வீடு என்று ஒன்று டிரைவருக்கு இல்லவே இல்லை. உடைசல் காரோடு ஒட்டிக்கொண்டு வந்த யாரோ ஒருவரின் வீடு அது. கைபேசியை எடுத்து அந்த அம்மாவின் எண்ணைத் தேட ஆரம்பித்தான். அண்ணி அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பொத்தான் பழையது, சரி. அவர் செத்தது அந்த வாசலில்தானே? ஆமாம் என்று தலையாட்டியது அவர்தானே?

அப்போது ஃபியூஸ் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பெட்டியை மாட்டிக்கொண்டு போனபின் டிரைவர் பலதரம் திரும்பி வந்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் ஒரே கேள்வி, வீட்டை எப்படிப் பதிவது என்று. முதலில் ஃபியூஸ் பொறுமையாகச் சொன்னார். அப்புறம், கிழவர் தன்னைக் கேலி செய்கிறாரோ என்று நினைத்து, முகம் கொடுக்காமல் இருந்துவிட்டார்.

அண்ணி போய்க் காரில் ஏறிக்கொண்டாள். அவள் முகம் இறுகியிருந்ததைக் கொழுந்தன் கவனித்தான். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

இந்தமுறை பெட்டியின் பேச்சைக் கேட்டு ஓட்டினான். அதன் வரைபடம் பழையது, புதிதாகக் கட்டிய பாலங்கள் அதற்குத் தெரியாது. பாலத்தின் மேல் போனபோது திரையில் கார் வெறும் வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தது. இறங்கியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி வழி சொன்னது. கடைசியில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்ற ஒரு சின்னத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, வீடு வந்துவிட்டது என்றது.

இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் சின்ன முற்றம், அதில் கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. தரையில் பழைய எண்ணெய்க் கறை. கதவில் பூட்டுத் துளையைச் சுற்றிப் பெயின்ட் கீறிக் கிடந்ததை அண்ணி குனிந்து பார்த்தாள். அழைப்பு மணியை அழுத்திய பிறகு வெகுநேரம் கழித்து ஒரு பெண் தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். வாராத தலையோடும் லட்சணமாக இருந்தாள். உள்ளே கொடியில் ஒருத்தியின் துணிமணி மட்டுமே காய்ந்தது.  அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று கொழுந்தன் இப்போதே வார்த்தை தேட ஆரம்பித்தான்.

அந்தப் பெண் இவர்களைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற காரையே பார்த்தாள். பார்த்தபடியே முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி தன்னை யார் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. தனியாக வசிக்கிறாள். அந்த மனிதர் யார், என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பலதரம் இங்கே வந்திருக்கிறார்.

ஒருதரம் வந்தால் வழி தப்பி வந்தது. திரும்பத் திரும்ப வந்தால் வழி தெரிந்தே வந்தது. கொழுந்தன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

உங்களிடம் கார் இருந்ததா என்று அண்ணி கேட்டாள். இருந்தது. தெருவில் நிறுத்தியிருந்தபோது ஒரு லாரி பின்னால் வந்து நசுக்கிவிட்டது, உடைசலுக்குக் கொடுத்துவிட்டாள். இரவு வேலை முடிந்து கண் சொருகும்போது, யோசிக்காமல் வீட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு வந்துவிடுவாளாம்.

"அவர் இங்க வந்து என்ன செய்வாரு?" என்றாள் அண்ணி.

"சாவி போட்டுக் கதவைத் திறக்கப் பார்ப்பாரு. மொதல்ல திருடன்னு நினைச்சேன். பார்த்தா நல்லா உடுத்தியிருப்பாரு, கையில காய்கறிப் பை வச்சிருப்பாரு. என்ன வேணும்னு கேட்டா, 'கதவைத் திறம்மா'ன்னு சொல்வாரு. குடிச்சிருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். நான் திறக்கலைன்னா போய்க் கார்ல உக்காந்துடுவாரு. ரொம்ப நேரம் கழிச்சுப் பார்த்தா போயிருப்பாரு."

அண்ணி எழுந்து, கைப்பையிலிருந்து நுனி வளைந்த சாவியை எடுத்தாள். இரும்புக் கதவின் பூட்டுக்குள் நுழைத்தாள். நுனி மட்டும் போய் நின்றுவிட்டது. வளைவு எங்கே இருந்ததோ சரியாக அங்கே நின்றது.

"சின்ன வீடு வச்சிருக்கறவன் கிட்ட அந்த வீட்டுச் சாவி இருக்கும், இல்லைன்னா மணி அடிப்பான்" என்றாள் கொழுந்தனைப் பார்த்து. "சொந்த வீட்டுச் சாவியைப் போட்டு வளையற வரைக்கும் ஏன் திருகணும்?"

கொழுந்தன் பதில் சொல்லும் முன் நர்ஸ் பேசினாள். யாராவது கேட்கட்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவள் மாதிரி கொட்டினாள். அவர் கடைசியாக வந்ததற்கு முந்தின இரவு வார்டில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. காலையில் வந்து படுத்தால் கதவை யாரோ உலுக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் அவர். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தெருவே கேட்கும்படி கத்திவிட்டாள். இது உங்கள் வீடு இல்லை, இன்னொருதரம் இங்கே வந்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள்.

"அவர் என்னையே பார்த்தாரு" என்றாள் நர்ஸ். "'அப்ப என் வீடு எங்கம்மா இருக்கு?'ன்னு கேட்டாரு. விளையாடறாருன்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டுப் போய்த் தூங்கிட்டேன். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பினா கார் இன்னும் அங்கேயே நிக்குது."

நர்ஸ் மறுபடி காரைப் பார்த்தாள்.

"நான் நர்ஸுங்க" என்றாள் அவள். "அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

அவரைத் தெரியுமா என்று மட்டும்தான் போலீஸ் கேட்டது. தெரியாது என்றாள். அது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவளுக்கு இன்றுவரை சரியான தூக்கம் இல்லை. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆறுதலாக ஏதும் சொல்லவில்லை. பொய்யான ஆறுதல் அவளுக்கு எப்போதும் வராது.

திரும்பும்போது கொழுந்தன் பெட்டியை அணைத்துவிட்டான். அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். டிரைவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. தெருத் தெருவாகத் தெரிந்த மனிதருக்கு நடுவழியில் திடீரென்று எதுவுமே தெரியாமல் போயிருக்கிறது. வழி கேட்கவும் முடியாது, பஸ் ஓட்டினவர் வழி கேட்டால் ஊர் சிரிக்கும். வீட்டில் சொல்லவும் மனமில்லை. அதனால் யார் கண்ணிலும் புதிதாகத் தெரியாதபடி ஒரு பெட்டி. அழுத்தினால் வீட்டில் கொண்டுபோய் விடும் ஒரு பொத்தான்.

"ஆனா அவர் வீட்டை அதுல பதியவே இல்லையே அண்ணி."

"எப்படிப் பதிவாரு? சொந்த வாசல்ல வந்து நிக்கறப்போ மனசு தெளிவா இருக்கும், அப்ப அந்தப் பட்டன் ஞாபகத்துக்கே வராது. வழி தொலைஞ்சு நிக்கறப்போதான் பட்டன் ஞாபகம் வரும். அது இந்த நர்ஸ் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடும். இதுதான் வீடுன்னு பெட்டியே சொல்லுது. நம்பி இறங்கிச் சாவியைப் போட்டிருக்காரு. சாவி ஏன் சேரலைன்னு அவருக்குப் புரியல."

 காலையிலிருந்து அடித்த கிண்டலெல்லாம் நினைவுக்கு வந்து கொழுந்தனுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்று மட்டும் இன்னும் உறுத்தியது. வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்று ஏன் தலையாட்டினார்? அது எனக்கும் தெரியவில்லை என்றாள் அண்ணி.

டிரைவரின் வீடு ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருந்தார். மகன் ஊருக்குத் திரும்பிவிட்டான். சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்றின்மேல் மடித்த துணிகளை அடுக்கி, யாரும் உட்கார முடியாதபடி செய்திருந்தார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, சொல்லுங்கள் என்றார்.

அண்ணி எதையும் மறைக்கவில்லை. உடைசல் காரின் பெட்டி, பச்சை பல்புகள், ஃபியூஸிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, பூட்டுக்குள் நுழையாத சாவி, எல்லாம் சொன்னாள். நர்ஸிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு வந்ததும் கொழுந்தன் தரையைப் பார்த்தான். அதை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தான். விடவில்லை.

"அந்த வீட்டுல இருக்கறது அவருக்கு யாரும் இல்லைம்மா" என்று முடித்தாள். "அவர் உங்க வீட்டுக்குத்தான் வரப் பார்த்தாரு. ஒவ்வொரு தடவையும்."

 அந்த அம்மா, தன்பாட்டுக்குப் பேசுகிறவர் மாதிரி, மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டிரைவரின் அம்மாவுக்கும் இதே நோய்தான். பக்கத்து அறையில் வருஷக்கணக்கில் கிடந்தார். சாப்பிட்ட கையோடு பசிக்கிறது என்பார். நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவார். குளிப்பாட்டித் துடைத்துவிடும் மருமகளையே, யாரடி நீ என்று கேட்டு அடிப்பார். டிரைவருக்கு விடிந்தால் வேலை, எல்லாம் பார்த்தது மருமகள்தான். மாமியார் போய்ச் சேர்ந்த அன்று வந்தவர்களெல்லாம் போன பிறகு, இந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"இன்னொருத்தரை இப்படிப் பார்க்க எனக்கு உடம்புலயும் தெம்பு இல்ல, மனசுலயும் இல்ல. இனிமே என்னால ஆகாதுன்னு சொன்னேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இனிமே வராதும்மான்னாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் கண்கள் மெல்லப் பெரிதாவதைக் கொழுந்தன் பார்த்தான். யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவருக்கே விளங்கிவிட்டது.

"அதனாலதான் ஆமான்னு தலையாட்டினாரா? வேற ஒருத்தி இருக்கான்னு நான் நினைச்சுக்கிட்டாலும் பரவாயில்லைன்னு?"

 அந்த அம்மா மெதுவாக எழுந்தார். நாற்காலியில் அடுக்கியிருந்த துணிகளைக் கைகளில் அள்ளினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையின் நடுவில் நின்றார். பிறகு துணிகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அறிவுகெட்ட மனுஷன்" என்றார். "ஆகாதுன்னு சொன்னா? அசதியில ஆயிரம் சொல்லுவோம், சொல்றதெல்லாம் செய்யறதுக்கா சொல்றோம்? கெட்ட பேரு வாங்கிக்கிட்டாவது என்னைக் காப்பாத்தறாராம். உங்களை யாரு கேட்டா? ரெண்டு மாசம் உங்க மூஞ்சியைக்கூடப் பார்க்காம சாப்பாட்டை நகர்த்தி வச்சேனே, அதையும் வாயைத் திறக்காம சாப்பிட்டீங்களே."

குரல் உடைந்தது. ஒரு மாதமாக வராத அழுகை வந்தது. கொழுந்தன் எழுந்து வெளியே போகப் பார்த்தான், அண்ணி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்த அம்மா மடியில் கிடந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார், எதிரில் ஆள் நிற்கிற மாதிரி.

"பார்த்திருப்பேனே" என்றார். "குளிப்பாட்டி விட்டிருப்பேனே. என்னை யாருன்னு கேட்டிருந்தாலும் தினம் தினம் சொல்லியிருப்பேனே."